அடியிலிருந்து முடி வரை: இங்கிலாந்துத் தேவாலய வளாகக் கற்சிலுவைகளைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

இங்கிலாந்தின் கிராமத்துப் பங்குத் தேவாலயங்களுக்குச் செல்பவர்கள், வாசலுக்கும் தெற்கு முகமண்டபத்துக்கும் நடுவே புல்தரையில் மூன்று நான்கு கற்படிகளும் அவற்றின்மேல் முறிந்த தூண் ஒன்றும் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் பொருட்படுத்தாமல் கடந்தும் போயிருப்பார்கள். அப்படி நிற்பது அனேகமாக ஓர் இடைக்காலச் சிலுவையின் எச்சம். 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் இங்கிலாந்தில் 12,000க்கும் மேற்பட்ட கற்சிலுவைகள் நாட்டப்பட்டிருக்கலாம் என்றும், தலையோடும் தலையில்லாமலும் இன்று எஞ்சியிருப்பவை 2,000க்கும் குறைவே என்றும் மதிப்பிடப்படுகிறது. சாலையோரத்திலும் சந்தைத் திடலிலும் நின்றவையும் இந்தக் கணக்கில் அடங்கும். இக்கட்டுரை தேவாலய வளாகத்தில் நிற்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் அண்ணாந்து உச்சியைத்தான் பார்ப்பார்கள். இந்தச் சிலுவைகளிடம் அந்த முறை பயன்படாது, ஏனென்றால் உச்சிதான் இவற்றில் பெரும்பாலும் மிக இளைய பகுதி. ஒரே சிலுவையில் படிகள் 14ஆம் நூற்றாண்டையும், தண்டு 15ஆம் நூற்றாண்டையும், தலை விக்டோரியா அரசியின் காலத்தையும் சேர்ந்தவையாக இருப்பது சர்வசாதாரணம். ஆகவே அடியில் தொடங்கி, கல்லும் கல்லும் சேரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே காலத்தவைதானா என்று கேட்டபடி மேலே செல்வதே இங்கே சொல்லப்போகும் முறை.

புறப்படுவதற்கு முன்

ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு சார்ந்த அமைப்பு, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கும் தொல்சின்னங்களுக்குமான தேசியப் பட்டியலை இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. ஊரின் பெயரையும் சிலுவை என்ற சொல்லையும் கொடுத்துத் தேடினால், ஏழு இலக்கப் பதிவெண்ணோடு கூடிய குறிப்பு கிடைக்கும். ஒரே சிலுவை பாதுகாக்கப்பட்ட கட்டடமாக ஒரு முறையும், பட்டியலிடப்பட்ட தொல்சின்னமாக இன்னொரு முறையும் பதிவாகியிருக்கலாம். இரண்டையும் திறந்து பாருங்கள். தொல்சின்னப் பதிவுகளில் பொதுவாகப் படிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பகுதியின் அளவு, எது பழையது, எது பின்னாளில் சேர்ந்தது என்ற விவரமெல்லாம் இருக்கும். இதைப் படித்துவிட்டுப் போவதா, பார்த்துவிட்டு வந்து படிப்பதா என்றால், இரண்டாவதையே நான் சொல்வேன். இருப்பிடத்தை மட்டும் குறித்துக்கொண்டு போய், உங்கள் கண் என்ன சொல்கிறது என்று எழுதி, வீடு திரும்பியபின் ஒப்பிட்டால்தான் பழக்கம் கைவரும்.

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவிலான வரைபடமும் உதவும். அதில் கோபுரமுள்ள தேவாலயம் கறுப்புச் சதுரத்தின்மேல் சிலுவையாகவும், கூம்புக் கோபுரமுள்ளது கறுப்பு வட்டத்தின்மேல் சிலுவையாகவும் குறிக்கப்படும். தொல்சின்னங்களின் பெயர்கள் காதிக் பாணி எழுத்தில் இருக்கும். அளவு நாடா, சிறிய கைவிளக்கு, திசைகாட்டி, குறிப்பேடு ஆகியவற்றுக்கு மேல் எந்தக் கருவியும் தேவையில்லை. ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தையும், அடக்கச் சடங்கு நடக்கும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

வளாகத்துக்குள் இடம் காண்பது

இடைக்காலத் தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கிலும், கோபுரம் பெரும்பாலும் மேற்கிலும் இருக்கும். மக்கள் நுழையும் முகமண்டபம் அநேகமாகத் தெற்குச் சுவரில் அமைந்திருக்கும். சிலுவையும் பொதுவாக அந்தத் தெற்குப் பக்கத்தில், நுழைவாயிலிலிருந்து முகமண்டபத்துக்குச் செல்லும் பாதையை ஒட்டி நிற்கும். வடக்குப் பக்கத்தில் நின்றால் அது இடம் மாற்றப்பட்டதாக இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். ஆனால் அந்த ஒரு காரணத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம்.

அது ஏன் அங்கே நின்றது என்பதற்கு முதன்மையான விடை, ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறு. இடைக்கால வழிபாட்டு முறையில் அன்று குருவும் மக்களும் தேவாலயத்தை விட்டு வெளியே வந்து வளாகத்தைச் சுற்றிப் பவனி சென்றார்கள். அந்தப் பவனி நின்று செல்லும் இடங்களில் ஒன்றாக இந்தச் சிலுவை இருந்தது. குருத்தோலை கிடைக்காத அந்நாட்டில் யூ மரக் கிளையும் பாக்ஸ் செடியும் வில்லோ கொம்பும் அதற்குப் பதிலாகப் பயன்பட்டன. இதைத் தவிர, தனித்தனிக் கல்லறைக் கற்கள் பரவலாவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், வளாகத்தில் அடக்கமான பெயரற்ற அனைவருக்கும் பொதுவான அடையாளமும் அதுவே. இன்று சுற்றிலும் தெரியும் கல்லறைக் கற்களில் 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவை மிக அரிது. ஆகவே, சிலுவை நாட்டப்பட்டபோது அதைச் சுற்றி ஏறக்குறைய வெறும் புல்வெளிதான் இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

படி, குழிக்கல், தண்டு, தலை

முதலில் படிகளை எண்ணுங்கள். சதுரமாகவோ எண்கோணமாகவோ அடுக்கப்பட்ட படிகள் மூன்று இருப்பது அதிகம். ஒன்றே ஒன்றும் இருக்கலாம், ஐந்தாறும் இருக்கலாம். எண்ணி முடித்ததும், கடைசிப் படி தரையோடு சேரும் இடத்தில் புல்லைக் கூர்ந்து பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டதால் வளாகத்தின் தரைமட்டம் உயர்ந்து, அடிப்படி மண்ணுக்குள் பாதியோ முழுவதுமோ புதைந்திருக்கும். பல தேவாலயங்களைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுவதும், பாதையைவிடக் கல்லறைப் பகுதி மேடாக இருப்பதும் இதனால்தான். பிறகு படிக் கற்களின் இணைப்புகளைப் பாருங்கள். பழைய படிகள் பல துண்டுக் கற்களால் ஆனவை. விளிம்புகள் தேய்ந்து, நடுவில் சற்றுத் தாழ்ந்திருக்கும். இணைப்புகளில் சிமென்ட் பூச்சு தெரிந்தால் யாரோ பிரித்து மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். சில இடங்களில் மேற்படியின் விளிம்பு வெளியே நீண்டு, உட்காரும் திண்ணைக்கு ஏற்ற உயரத்தில் இருப்பதையும் காணலாம்.

படிகளின்மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய ஒற்றைக் கல்லே குழிக்கல். தண்டைச் செருகுவதற்காக நடுவில் குழி வெட்டப்பட்டிருப்பதால் இதை இப்படி அழைக்கிறேன். கனமானது, உடைப்பதற்கும் நகர்த்துவதற்கும் கடினமானது. ஆகவே மற்ற எல்லாம் போன பிறகும் பல ஊர்களில் எஞ்சியிருப்பது இதுதான். இதன் வழக்கமான வடிவத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள்: அடியில் சதுரம், மேலே போகப் போக நான்கு மூலைகளும் சரிவாகச் செதுக்கப்பட்டு, மேற்பரப்பில் எண்கோணமாக முடியும். 14, 15ஆம் நூற்றாண்டுக் கல்தச்சர்கள் இந்த வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். தண்டு இல்லாமல் குழி மட்டும் திறந்து கிடந்தால் மழைநீர் தேங்கி, ஞானஸ்நானத் தொட்டியோ என்று எண்ண வைக்கும். தொட்டியின் உட்புறம் அகன்று வழவழப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும்; சிலுவைக் குழியோ குறுகலாக, செங்குத்தான சுவர்களோடு, அநேகமாகச் சதுரமாக இருக்கும். குழியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஏதேனும் ஒட்டியிருந்தால் அது ஈயம். தண்டைக் குழியில் இறக்கியபின் இடுக்குகளில் உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்குவது வழக்கம்.

ஹெரிஃபோர்ட்ஷியரிலும் அதை அடுத்த மேற்கு மாவட்டங்களிலும் குழிக்கல்லின் ஒரு முகத்தில், பெரும்பாலும் மேற்கு முகத்தில், சிறிய மாடம் ஒன்று குடையப்பட்டிருப்பதைக் காணலாம். குருத்தோலை ஞாயிற்றுப் பவனியின்போது நற்கருணைப் பேழையை (கிறிஸ்துவின் உடலாகப் போற்றப்படும் அப்பம் இருக்கும் சிறு பேழையை) வைப்பதற்காக அது அமைந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உட்புறத்தைக் கைவிளக்கால் பார்க்கத் தவறாதீர்கள். மழை படாத இடம் என்பதால் அங்கே உளியின் தடம் இன்னும் அழியாமல் இருக்கக்கூடும்.

அடுத்தது தண்டு. இடைக்காலப் பிற்பகுதித் தண்டு பெரும்பாலும் ஒரே கல்லால் ஆனது. அடியில் சதுரமாகத் தொடங்கி, சிறிது உயரத்தில் மூலைகள் வெட்டப்பட்டு எண்கோணமாக மாறி, மேலே போகப் போக மெல்லச் சிறுக்கும். முழுத் தண்டுகள் குறைவு. அரை மீட்டர், ஒரு மீட்டர் உயரத்தில் முறிந்தவையே மிகுதி. இங்கே மூன்றைக் கவனியுங்கள். தண்டின் அடி குழிக்குள் நெருக்கமாகப் பொருந்துகிறதா, அல்லது பெரிய குழிக்குள் சிறிய தண்டு நின்று சுற்றிலும் சிமென்ட் நிரப்பியிருக்கிறதா? தண்டின் கல்லும் குழிக்கல்லும் ஒரே நிறமும் ஒரே துகளமைப்பும் உடையவையா? இடையில் எங்கேனும் கிடைமட்டமான ஒட்டுக்கோடோ துருப்பிடித்த இரும்புப் பட்டையோ தெரிகிறதா? ஒட்டுக்கோட்டுக்குக் கீழே மங்கிய கல்லும் மேலே கூர்மையான விளிம்புள்ள கல்லும் இருந்தால், கதை அங்கேயே தெளிவாகிவிடும்.

கடைசியாகத்தான் தலை. எளிய சிலுவை வடிவம் ஒன்று. கூரையிட்ட சிறு மாடம் போல நான்கு முகங்களும் செதுக்கப்பட்ட விளக்குக்கூண்டு வடிவம் மற்றொன்று. இரண்டாவதில் ஒரு பக்கம் பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவின் உருவம்), எதிர்ப்பக்கம் குழந்தை இயேசுவை ஏந்திய மாதாவும், குறுகலான இரு பக்கங்களில் புனிதர்களும் இருப்பது வழக்கம். அசல் தலை இருந்தால் முகங்கள் மழையில் கரைந்து, மூக்கும் வாயும் வெறும் மேடு பள்ளங்களாகியிருக்கும். கண்ணிமையும் விரல் நகமும் தெளிவாகத் தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு என்று கொள்வதில் தவறு நேர்வது அரிது. அந்தக் காலத்துப் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் பல இடங்களில் முறிந்த தண்டை முறிந்தபடியே விட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

தலைகள் எங்கே போயின

1547இல் ஆறாம் எட்வர்டின் புராட்டஸ்டன்ட் அரசு வெளியிட்ட ஆணைகள் தேவாலயத்தையும் வளாகத்தையும் சுற்றிப் பவனி செல்வதைத் தடை செய்தன. அடுத்த ஆண்டே குருத்தோலை ஏந்தும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. அதாவது, பெரும்பாலான சிலுவைகள் தலையை இழக்கும் முன்பே வேலையை இழந்துவிட்டன. பிறகு உள்நாட்டுப் போரின் நடுவே 1643 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பிறப்பித்த சட்டம், தேவாலயங்களிலும் அவற்றின் வளாகங்களிலும் திறந்த வெளிகளிலும் உள்ள சிலுவைகளையும் சுரூபங்களையும் அவ்வாண்டு நவம்பர் 1க்குள் அகற்ற வேண்டும் என்றது. உடைத்தவர்களுக்குக் குறி, உருவங்கள் இருந்த தலைதான். ஆகவே தலை போய்த் தண்டும் படியும் தங்கின.

தலையிழந்த தண்டுகளை ஊரார் வீணாக்கவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பல தண்டுகளின் உச்சியில் சூரியக் கடிகாரம் ஏற்றப்பட்டது. தெற்குப் பக்கத்தில் நல்ல வெயிலில் ஏற்கெனவே ஒரு தூண் நிற்கும்போது அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? உச்சியில் கனசதுரக் கல்லோ, நடுவில் முள்ளோடு கூடிய உலோகத் தகடோ இருந்தால் கீழே இடைக்காலத் தண்டு இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு சில ஊர்களில் பழைய படிகளின்மேலேயே புதிய சிலுவை நிறுத்தி, போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்தார்கள்.

இந்த இடத்தில் புதியவர்களைக் குழப்பும் வேறு சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும். முகப்பில் வெண்கல வாள் பதித்த உயரமான வெண்கற்சிலுவை, ரெஜினால்ட் புளோம்ஃபீல்ட் வடிவமைத்த போர் நினைவுச் சிலுவை. அது 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வட்டத்தோடு கூடிய பளபளப்பான கிரானைட் கெல்டிக் சிலுவைகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் வாழ்ந்த தனிநபர்களின் கல்லறைகள். அடியில் குடும்பப் பெயர் இருந்தால் ஐயமே இல்லை.

வடக்கின் பழைய சிலுவைகள்

மேலே சொன்ன படி, குழிக்கல், எண்கோணத் தண்டு என்ற இலக்கணம் இடைக்காலப் பிற்பகுதிக்கு உரியது. கம்ப்ரியா, யார்க்ஷியர், டார்பிஷியர் போன்ற வட, வடமத்திய மாவட்டங்களில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஆங்கிலோ-சாக்சன், ஸ்காண்டிநேவியச் சிலுவைகள் நிற்கின்றன. அவற்றுக்குப் படிவரிசை முக்கியமில்லை, தண்டின் முகங்களே எல்லாம். ஒவ்வொரு முகத்தையும் கட்டங்களாகப் பிரித்து, சுருள்கொடியும் முடிச்சுப் பின்னலும் விலங்குகளும் மனித உருவங்களும் நிரப்பியிருப்பார்கள்.

கம்ப்ரியாவின் கோஸ்ஃபோர்த்தில் புனித மரியா தேவாலய வளாகத்தில் நிற்கும் 10ஆம் நூற்றாண்டுச் செம்மணற்கல் சிலுவை, இவ்வகையில் ஒரு நாள் முழுவதும் ஒதுக்கத் தகுந்தது. உயரம் சுமார் 4.4 மீட்டர், இவ்வளவு மெலிந்த கல் ஆயிரம் ஆண்டுகளாகத் தலையோடு நிற்பதே வியப்பு. தண்டின் கீழ்ப்பகுதி உருண்டையாகவும் மேற்பகுதி நான்கு பட்டையாகவும் இருக்கும். கிழக்கு முகத்தில் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து. அவர் காலடியில் ஈட்டி ஏந்திய ஒருவனும், பின்னல் தொங்கும் நீண்ட உடைப் பெண் ஒருத்தியும். மேற்கு முகத்துக்கு வந்து தாழ்ந்த பகுதியில் தேடினால், கட்டுண்டு கிடக்கும் லோகி என்ற நார்ஸ் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஸ்காண்டிநேவிய) தெய்வத்தையும், அவன்மேல் சொட்டும் பாம்பின் நஞ்சைக் கிண்ணத்தில் ஏந்தும் அவன் மனைவி சிகினையும் காணலாம். கிறிஸ்தவத்துக்கு மாறிக்கொண்டிருந்த குடியேறிகள் தங்கள் பழைய உலகத்தின் அழிவையும் புதிய நம்பிக்கையையும் ஒரே கல்லில் அடுத்தடுத்து வைத்தார்கள். இதன் சாந்து வார்ப்பு நகல் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வடக்கே போக முடியாதவர்கள் அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

அதே மாவட்டத்தின் வடகோடியில் பியூகாசிலில் நிற்பது இன்னும் பழையது, 7ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 8ஆம் நூற்றாண்டையோ சேர்ந்தது. தலை இல்லை. மேற்கு முகத்தில் ரூனிக் எனப்படும் பழைய ஜெர்மானிய எழுத்துகளும், தெற்கு முகத்தில் இங்கிலாந்தில் எஞ்சியவற்றுள் மிகப் பழையது எனப்படும் சூரியக் கடிகாரமும் உள்ளன. இந்தக் கடிகாரம் தலையிழந்த பின் ஏற்றியதல்ல, முதலிலேயே செதுக்கியது. டார்பிஷியரின் ஈம் (Eyam) கிராமத்துச் சிலுவையில் நிலைமை நேர்மாறு: தலை இருக்கிறது, தண்டின் மேற்பகுதி காணாமற்போனதால் தலை கீழிறங்கி உட்கார்ந்திருக்கிறது. வடக்கை விட்டுத் தென்மேற்கே போனால், கார்ன்வாலின் மைலர் தேவாலயச் சிலுவை அடுத்த பாடம். அதன் மொத்த நீளம் 5 மீட்டருக்கும் மேல், அதில் சுமார் 2 மீட்டர் மண்ணுக்குள் இருக்கிறது; 1870இல் தேவாலயத்தைச் சீரமைத்தபோது அது சுவருக்கு முட்டுக்கொடுக்கும் கல்லாக நின்றது தெரியவந்தது. ஆகவே வளாகத்தில் ஒன்றும் தென்படாவிட்டால், முகமண்டபத்தின் உட்சுவர், சன்னல் விளிம்பு, மதில் ஆகியவற்றில் பின்னல் வேலையுள்ள துண்டுக் கல் ஏதும் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே திரும்புங்கள்.

வெயிலைப் பயன்படுத்துவது

தேய்ந்த சிற்பம் நேர் வெளிச்சத்தில் தெரியாது. ஒளி பக்கவாட்டில் உரசிச் செல்லும்போதே மேடு பள்ளங்கள் எழும். கிழக்கு, மேற்கு முகங்களுக்கு நண்பகலை ஒட்டிய நேரம் நல்லது. கோடைகாலக் கடிகாரப்படி அது பகல் 1 மணி. தெற்கு முகத்துக்கு, சூரியன் கிழக்கிலோ மேற்கிலோ இருக்கும் காலையும் மாலையும் ஏற்றவை. டிசம்பர் நண்பகலில் தென் இங்கிலாந்தில்கூடச் சூரியன் ஏறத்தாழ 15 பாகைக்கு மேல் எழுவதில்லை என்பதால், அப்போது தெற்கு முகம் நேராக வெளிச்சம் வாங்கித் தட்டையாகிவிடும். வடக்கு முகத்தில் கோடையின் அதிகாலையிலும் அந்தியிலும் மட்டுமே வெயில் படும். மற்ற நேரங்களில் கைவிளக்கைக் கல்லுக்கு ஒட்டினாற்போலப் பக்கத்திலிருந்து பிடியுங்கள். நான்கு முகங்களையும் திசை குறித்துப் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் அளவு நாடா தெரியும்படி வையுங்கள்.

கல்பாசி மூடியிருக்கிறதே என்று சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. தேவாலய வளாகங்கள் அந்நாட்டில் கல்பாசி இனங்களின் முக்கியமான புகலிடங்கள்; மேலும் பாசியோடு கல்லின் மேற்பரப்பும் உரிந்து வந்துவிடும். எழுத்தைத் தெளிவாக்கச் சுண்ணக்கட்டி பூசுவதும் வேண்டாம். பட்டியலிடப்பட்ட தொல்சின்னத்துக்குச் சேதம் விளைவிப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்விடத்தில் அனுமதியின்றி உலோகங்காட்டிக் கருவியைப் பயன்படுத்துவதும் அப்படியே. படிகளில் உட்காரலாம், ஏறித் தண்டைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

முதலில் எங்கே போவது

முழுச் சிலுவை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு முறை கண்ணால் கண்டால், பிறகு முறிந்தவற்றை மனத்தில் நிரப்பிக்கொள்வது எளிது. லிங்கன்ஷியரின் சோமர்ஸ்பியில் உள்ள 15ஆம் நூற்றாண்டுச் சிலுவை இதற்கு மிகச் சிறந்தது: தண்டும் கூரையிட்ட தலையும் அப்படியே நிற்கின்றன. கவிஞர் டென்னிசன் 1809இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் தந்தை இதே தேவாலயத்தின் குரு. ஆனால் பலரும் டென்னிசனுக்காக வந்து சிலுவையைப் பாராமல் போகிறார்கள். வில்ட்ஷியரின் கிரிக்லேடில் புனித மரியா தேவாலய வளாகத்தில் விளக்குக்கூண்டுத் தலையுள்ள 14ஆம் நூற்றாண்டுச் சிலுவை இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரமில்லாத குளோஸ்டர்ஷியரின் ஆம்ப்னி குரூசிஸில், பாடுபட்ட சுரூபத்தோடும் மாதாவோடும் கவசமணிந்த வீரர் ஒருவரும் தலையில் செதுக்கப்பட்டிருக்கிறார். கவசத்தின் அமைப்பைக் கொண்டு அதை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். தேவாலயத்துக்குள்ளேயே சுவரில் அடைத்து மறைக்கப்பட்டிருந்த அந்தத் தலை, 19ஆம் நூற்றாண்டில்தான் கண்டெடுக்கப்பட்டு மீண்டும் தண்டின்மேல் ஏறியது. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். நேரம் மிஞ்சினால் பிரிஸ்டலுக்கு அருகே அயர்ன் ஆக்டன் வரை சென்று, அடியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வளைவுகள் திறந்திருக்கும் மாறுபட்ட சிலுவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் தேசியப் பட்டியலின் குறிப்போடு உங்கள் குறிப்பை ஒப்பிடுங்கள். பட்டியலின் பதிவுகளில் பொதுமக்கள் படங்களையும் தகவல்களையும் சேர்க்க ஹிஸ்டாரிக் இங்கிலாந்து வழி செய்திருக்கிறது. பழைய பதிவுகள் பலவற்றில் ஒரு படம்கூட இல்லை. நான்கு முகங்களையும் திசை குறித்து எடுத்த படங்கள் உங்களிடம் இருந்தால், அவற்றை ஏழு இலக்கப் பதிவெண்ணின்கீழ் ஏற்றிவிடலாம்.